பத்து வயதுப் பிள்ளைக்கு எந்த நாவல்?

“பையன் தமிழ் நன்றாகப் பேசுவான். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் செய்வான். ஆனால் ஒரு தமிழ்ப் புத்தகத்தை எடுத்துக் கடைசி வரை படித்தான் என்பது கிடையாது.”

மும்பையில் நாலு தமிழ்த் தாய்மார்கள் கூடுகிற இடத்தில் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. தாராவியில் தண்ணீர்க் குழாயடியானாலும் சரி, மாட்டுங்காவில் கோயில் வாசலானாலும் சரி, செம்பூரில் டியூஷன் விடும் நேரமானாலும் சரி, குறை ஒன்றுதான்.

கேட்பதற்கு இது சின்னக் குறையாகத் தோன்றும். பிள்ளை கணக்கில் நல்ல மார்க் வாங்குகிறது, ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறது, மராத்தியிலும் தேறிவிடுகிறது. தமிழ் படிக்காவிட்டால் என்ன குடி முழுகிப் போய்விடும் என்று கேட்பவர்களும் உண்டு.

ஆனால் ஐந்தாறு வருடம் கழித்து நடப்பதையும் பார்க்க வேண்டும். ஊரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வருகிறது. கல்லூரிக்குப் போகும் பிள்ளை அதைத் தகப்பனாரிடம் நீட்டி, “என்றைக்குக் கல்யாணம், எந்த மண்டபம், படித்துச் சொல்லுங்கள் அப்பா” என்கிறது. திருநெல்வேலி பஸ் நிலையத்தில் இறங்கினால் போர்டைப் படிக்க ஆள் தேடுகிறது. சித்தப்பா மகன் செல்போனில் தமிழில் செய்தி அனுப்பினால், “இங்கிலீஷ் எழுத்தில் அனுப்பு” என்று பதில் போகிறது. தகப்பனாருக்குச் சரளமாகத் தெரிந்த எழுத்து தமிழ் ஒன்றுதான். பிள்ளைக்குத் தெரியாத எழுத்தும் அதே தமிழ்தான். ஒரே அறையில் படுத்து எழுகிற இரண்டு பேருக்கு நடுவில் இப்படி ஒரு சுவர் எழும்பிவிடுகிறது.

இந்தச் சுவர் எழும்பாமல் தடுக்க ஓர் எளிய வழி உண்டு. 8 வயதுக்கும் 12 வயதுக்கும் இடையில் பிள்ளை ஒரு முழுத் தமிழ் நாவலைத் தானாகவே படித்து முடிக்க வேண்டும். ஒன்றை முடித்துவிட்டால் பெரும்பாலும் அடுத்ததை அதுவே கேட்கும். அந்த முதல் நாவல் எது, அதை எப்படிக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

ஏன் நாவல்?

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. ஆக 247 எழுத்துக்கள். ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இவற்றைக் கற்றுக்கொண்டாலும், பழக்கம் இல்லாததால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுகிறது. சொல்லின் கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகிறது. வாக்கியம் முடியும்போது பொருள் கையில் நிற்பதில்லை. சலிப்பு வருகிறது. புத்தகம் மூடப்படுகிறது.

சிறுகதைத் தொகுப்பைக் கொடுத்தால், ஒவ்வொரு கதையிலும் புது ஆட்கள், புது இடம், புதுச் சொற்கள். நாலு பக்கம் பழகுவதற்குள் கதை முடிந்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. நாவலில் அப்படியில்லை. அதே சிறுவன், அதே பாட்டி, அதே நாய்க்குட்டி, அதே தெரு. முதல் அத்தியாயத்தில் திக்கித் திணறிய பெயர், மூன்றாவது அத்தியாயத்தில் கண்ணில் பட்டவுடனே விளங்கிவிடுகிறது. எழுத்துக் கூட்டுவது குறைந்து, சொல்லைச் சொல்லாகவே பார்க்கும் பழக்கம் வருகிறது. “அப்புறம் என்ன ஆயிற்று?” என்ற ஆவல் பிள்ளையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. இந்த ஓட்டம் ஒரு முறை வந்துவிட்டால் பிறகு போவதில்லை. சைக்கிள் பழகுவது போலத்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் “அவன் போயிட்டான்” என்று பேசுகிறோம். புத்தகத்தில் “அவன் போய்விட்டான்” என்று இருக்கிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு இந்த இரண்டு தமிழும் சுவரொட்டியிலும் செய்தியிலும் மேடைப் பேச்சிலும் காதில் விழுந்து பழகிவிடும். மும்பைப் பிள்ளைக்குப் பேச்சுத் தமிழ் மட்டுமே தெரியும். எழுத்துத் தமிழ் அதற்கு ஏறக்குறைய இன்னொரு பாஷை. ஆகவே முதல் நாவலில் உரையாடல் நிறைய இருக்க வேண்டும். வர்ணனை குறைவாக இருக்க வேண்டும். முதல் இரண்டு அத்தியாயத்தைப் பெரியவர்கள் யாராவது வாய்விட்டுப் படித்துக் காட்டினால், எழுத்தில் இருப்பதும் வாயில் வருவதும் ஒன்றுதான் என்பது பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தடை இல்லை. அவர்களுக்குப் படிக்கத் தெரியும். பாடப் புத்தகத்தைத் தவிர வேறு புத்தகம் கைக்கு எட்டாததுதான் அவர்கள் குறை. அவர்களுக்கும் மருந்து இதேதான்.

அப்பாக்கள் படித்த காலம்

இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் தகப்பனார்களுக்கு யாரும் நாவல் சிபாரிசு செய்யவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. டீக்கடைப் பத்திரிகையில் ‘கன்னித்தீவு’ சிந்துபாத்தைத் தேடிப் படித்தே எழுத்து வேகமாக வந்துவிட்டது. 1947-ல் தொடங்கிய ‘அம்புலிமாமா’, 1972-ல் தொடங்கிய ‘கோகுலம்’, இரும்புக்கை மாயாவி வந்த ‘முத்து காமிக்ஸ்’ என்று கைக்குக் கை மாறிப் படித்தார்கள். வாண்டுமாமாவின் கதை என்றால் சாப்பாட்டையும் மறந்தவர்கள் உண்டு.

அந்தக் காலத்தில் குழந்தைகளுக்காக எழுதியவர்களில் பலர் முழுநேர எழுத்தாளர்கள் அல்லர். ‘குழந்தைக் கவிஞர்’ என்று பெயர் பெற்ற அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்தவர். பகலில் பேரேடு, மாலையில் குழந்தைகளுக்குப் பாட்டும் கதையும். குழந்தை எழுத்தாளர் சங்கத்தை 1950-ல் தொடங்கியவரும் அவரே. ‘நீலா மாலா’ அவர் எழுதிய சிறுவர் நாவல். அலுவலக நாற்காலியிலிருந்து எழுந்து வந்து குழந்தைக்குப் புத்தகம் எடுக்க நேரமில்லை என்று சொல்பவர்கள் அவரை நினைத்துப் பார்க்கலாம். அவர் 1989-ல் காலமானார்.

‘அம்புலிமாமா’ இன்று வருவதில்லை. ‘கோகுலம்’ 2020-ல் நின்றுவிட்டது. பத்திரிகையே பிள்ளையைத் தேடி வந்த காலம் போய், பெரியவர்கள் தேடிப் பிடித்துக் கொடுக்க வேண்டிய காலம் வந்திருக்கிறது. நல்ல செய்தி என்னவென்றால், தேடினால் கிடைக்கும்படி நல்ல நாவல்கள் இருக்கின்றன.

முதல் படி

எட்டு, ஒன்பது வயதில் நேரே நாவலுக்குள் தள்ளிவிட வேண்டாம். ஒரே ஆளைப் பற்றிய சிறுசிறு கதைகள் தொடர்ந்து வரும் புத்தகம் நல்லது. ரஷ்ய எழுத்தாளர் அலெக்சாந்தர் ரஸ்கின் எழுதிய ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’ அப்படிப்பட்டது. சோவியத் நாட்டுப் புத்தகங்கள் மலிவு விலையில் தமிழில் வந்துகொண்டிருந்த காலத்தில் இங்கே பரவியது. நோயில் படுத்த மகளுக்கு, தான் சின்னப் பையனாக இருந்தபோது செய்த அசட்டுத்தனங்களை ஒரு தகப்பனார் சொல்கிறார். இரவுக் காவலாளியாக வேண்டும், ஐஸ்கிரீம்காரராக வேண்டும், ரயில் பெட்டிகளை இணைப்பவராக வேண்டும் என்று அந்தப் பையனுக்கு நாளுக்கொரு ஆசை! படிக்கிற பிள்ளை உடனே, “நீங்க சின்னப் பையனா இருக்கும்போது என்ன செஞ்சீங்க?” என்று தன் அப்பாவைக் கேட்கும். ஷிப்டு முடிந்து வரும் தகப்பனாரிடம் சொல்ல ஒரு கதையாவது இருக்க வேண்டும்.

ரயில் பெட்டியில் பள்ளிக்கூடம்

ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்குத் தயங்காமல் கொடுக்கக்கூடியது ‘டோட்டோ-சான், ஜன்னலில் ஒரு சிறுமி’. ஜப்பானியப் பெண்மணி டெட்சுகோ குரோயாநாகி 1981-ல் வெளியிட்டது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் கொண்டுவந்திருக்கிறது. எழுதியவரின் சொந்தச் சிறுவயதுதான் இது. ஆனாலும் நாவல் போலவே ஓடும்.

வகுப்பில் ஜன்னலோரம் போய் நின்று தெருவை வேடிக்கை பார்க்கிறாள் என்று சிறுமியைப் பள்ளியிலிருந்து அனுப்பிவிடுகிறார்கள். அம்மா வேறு பள்ளி தேடுகிறாள். டோக்கியோவில் கிடைத்த அந்தப் புதுப் பள்ளியில் வகுப்பறைகளெல்லாம் பழைய ரயில் பெட்டிகள்! தலைமை ஆசிரியர் கோபயாஷி முதல் நாளே சிறுமியை உட்கார வைத்து, அவள் பேசுவதை நாலு மணி நேரம் கேட்கிறார். இளம்பிள்ளை வாதத்தால் கை கால் விளங்காத நண்பனை டோட்டோ-சான் மரத்தில் ஏற்றிவிடும் இடத்தில் பெரியவர்களுக்கே கண் கலங்கும். யுத்தத்தில் 1945-ல் குண்டு விழுந்து அந்தப் பள்ளி எரிந்துபோனது. பள்ளிக்கூடம் என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைக்கும், “சும்மா இருக்க மாட்டேன் என்கிறாள்” என்று ஆசிரியர் டைரியில் எழுதி அனுப்பும் பிள்ளைக்கும் இது ஏற்றது.

மும்பைக்கு வந்த துப்பறிவாளர்

சில பிள்ளைகளுக்கு அழுகைக் கதை பிடிக்காது. ஓட்டமும் துரத்தலும் வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட அந்தப் பிள்ளைகளுக்கு சத்யஜித் ராயின் ஃபெலூடா கதைகள் இருக்கின்றன. சினிமாவுக்குப் பேர்போன ராய், தம் தாத்தா 1913-ல் தொடங்கிய ‘சந்தேஷ்’ என்ற சிறுவர் பத்திரிகைக்காக 1965-ல் இந்தத் துப்பறிவாளரை உருவாக்கினார். வீ.பா. கணேசன் மொழிபெயர்ப்பில் இவை தமிழிலும் வந்துள்ளன.

ஃபெலூடாவுக்குத் துப்பாக்கியைவிடப் புத்தி அதிகம். கூடவே போகும் பதின்வயதுத் தம்பி தபேஷ் கதையைச் சொல்கிறான். ‘ஜடாயு’ என்ற புனைபெயரில் மசாலா நாவல் எழுதும் லால்மோகன் பாபு என்று ஒருவர் உண்டு. அவர் வந்தாலே சிரிப்புத்தான். ராஜஸ்தான் பாலைவனத்தில் நடக்கும் ‘சோனார் கெல்லா’ 1971-ல் வந்தது. அந்தக் கதையில்தான் ரயில் பயணத்தில் ஜடாயு அறிமுகமாகிறார். ஜடாயுவின் நாவல் இந்திப் படமாகிறது என்று மூவரும் பம்பாய்க்கு வந்து மாட்டிக்கொள்ளும் கதையும் ஒன்று உண்டு. 1976-ல் எழுதியது. தன் ஊரே கதையில் வருவதைப் பார்த்தால் மும்பைப் பிள்ளைக்கு எவ்வளவு குஷியாக இருக்கும்!

மர்மத்தோடு விஞ்ஞானமும் வேண்டும் என்றால் ஜெயமோகன் எழுதிய ‘பனிமனிதன்’ நல்லது. இமயமலைப் பனியில் காணப்பட்ட ராட்சதக் கால் தடத்தைத் தேடிப் போகிறார்கள். முதலில் சிறுவர்களுக்கான தொடர்கதையாக வந்ததால் அத்தியாயங்கள் சின்னவை. இரவுக்கு ஒரு அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளத் தோதானது.

கீழடிக்கு ஒரு பயணம்

சாகித்திய அகாதெமி 2010 முதல் குழந்தை இலக்கியத்துக்கென்று ‘பால சாகித்திய புரஸ்கார்’ விருது வழங்கிவருகிறது. தமிழுக்கு முதல் விருது மா. கமலவேலனின் ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’க்குக் கிடைத்தது. என்ன வாங்குவது என்று தெரியாத பெற்றோருக்கு இந்த விருதுப் பட்டியல் ஒரு நல்ல கைகாட்டி. ஆனால் பட்டியலில் நாவல் மட்டுமல்லாமல் பாடல், சிறுகதை எல்லாம் கலந்திருக்கும். கடையில் கேட்டு வாங்க வேண்டும். 2025-ல் விருது பெற்ற விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’வும் நாவல்தான்.

2023-ல் விருது பெற்றது உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. இந்தக் காலத்துச் சிறுவன் ஒருவன் கீழடியில் பழங்காலத்துச் சிறுவன் ஆதனைச் சந்திக்கிறான். மதுரைக்குப் பக்கத்தில் சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது கீழடி. அங்கே தோண்டியெடுத்த பானை ஓடுகளில் ‘ஆதன்’ என்ற பெயர் பழைய தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருப்பது நிஜம். 2023-ல் அங்கே அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. மதுரை வழியாக ஊருக்குப் போகும் குடும்பங்கள், நாவலைப் பிள்ளை முடித்த பிறகு ஒரு நாள் அங்கே இறங்கிக் காட்டலாம். தன் பாட்டன் பூட்டனுக்கும் எழுத்துத் தெரிந்திருந்தது என்று கண்ணால் காண்பது பெரிய விஷயம்.

தாய்மார்கள் கவனிக்க

தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விட, பள்ளி விட்டு வந்த பிள்ளை மாலை வரை தனியாக இருக்கும் வீடுகள் இந்த நகரத்தில் ஆயிரக்கணக்கில் உண்டு. அந்த வீடுகளில் அவசியம் இருக்க வேண்டிய நாவல் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’. 2020-ஆம் ஆண்டுக்கான விருது பெற்றது. ஷாலினி என்ற சிறுமிக்குப் பாட்டியிடமிருந்து மரப்பாச்சிப் பொம்மை ஒன்று கிடைக்கிறது. பொம்மை பேசுகிறது! தவறான எண்ணத்தோடு தொடும் பெரியவர்களிடம் எப்படி நடந்துகொள்வது, யாரிடம் சொல்வது என்பதை அந்தப் பொம்மை சிறுமிக்குத் தெரிய வைக்கிறது.

இந்த விஷயத்தைப் பிள்ளையிடம் வாய்விட்டுப் பேசத் தாய்மார்களுக்குக் கூச்சம். பேசாமல் இருப்பதில் ஆபத்து இருக்கிறது. கதை அந்தக் கூச்சத்தைக் குறைக்கும். தாய் முதலில் படித்துவிட வேண்டும். பிறகு பெண் பிள்ளை, ஆண் பிள்ளை இருவருக்குமே கொடுக்க வேண்டும். படித்த பிறகு பிள்ளை ஏதாவது சொல்ல வந்தால், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுக் கேட்க வேண்டும். ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கான 1098 என்ற இலவசத் தொலைபேசி உதவி 1996-ல் இதே மும்பையில்தான் தொடங்கியது. அந்த எண்ணைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக் கொடுக்கலாம்.

பொன்னியின் செல்வன் எப்போது?

2022-லும் 2023-லும் ‘பொன்னியின் செல்வன்’ படம் இரண்டு பாகமாக வந்த பிறகு, பத்து வயதுப் பிள்ளைக்கே ஐந்து பாகத்தையும் வாங்கிக் கொடுத்த பெற்றோர்கள் உண்டு. பல வீடுகளில் அது அலமாரியில் அழகாக இருக்கிறது. முதல் பாகத்தில் நாற்பதாம் பக்கத்தில் புத்தகக் குறி நிற்கிறது.

பிள்ளைமீது தப்பில்லை. கல்கி 1950 முதல் 1954 வரை வாரா வாரம் பெரியவர்களுக்காக எழுதிய தொடர்கதை அது. தமிழ் படிக்கும் வேகம் வராத பிள்ளைக்கு அது மலை. முதலில் மேலே சொன்ன நாவல்களில் மூன்று நாலு முடியட்டும். பன்னிரண்டு வயதில் அவருடைய ‘பார்த்திபன் கனவு’ கொடுக்கலாம். 1941 முதல் 1943 வரை வந்த அந்தக் கதை ஒரே புத்தகத்தில் அடங்கும். அதை முடித்த பிள்ளை வந்தியத்தேவனோடு தானே குதிரை ஏறிவிடும். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. எனவே மலிவுப் பதிப்புகளும் கிடைக்கின்றன.

‘குட்டி இளவரசன்’ விஷயமும் இப்படித்தான். பிரெஞ்சு விமானி சேந்த் எக்சுபரி 1943-ல் வெளியிட்டது. பிரெஞ்சிலிருந்து நேரே தமிழாக்கி 1981-ல் ‘க்ரியா’ வெளியிட்டது. புத்தகம் மெல்லியது, படங்கள் உண்டு என்பதால் ஆறு வயதுக்கு வாங்குகிறார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் அது பிள்ளைக்கு எட்டும். ரயில்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிவிடும் பாயின்ட்ஸ்மேன் ஒருவர் அதில் வருகிறார். அந்தப் பகுதியை ரயில்வே குடும்பத்துப் பிள்ளைகள் ரசித்துப் படிப்பார்கள்.

மராத்தியையும் விட வேண்டாம்

மும்பைப் பிள்ளைக்கு ஊர்ப் பிள்ளைக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. மராத்தி நாவல்களையும் மூலத்திலேயே படிக்கலாம். சானே குருஜி 1933-ல் நாசிக் சிறையில் இருந்தபோது எழுதிய ‘ஷ்யாம்சி ஆயி’ மராத்திக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்படுகிறது. கொங்கணத்து ஏழைத் தாய் ஒருத்தியைப் பற்றி மகன் ஷ்யாம் இரவு தோறும் நண்பர்களுக்குச் சொல்லும் கதை. ஆச்சார்ய ஆத்ரே 1953-ல் எடுத்த படம் ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் பெற்றது. வேடிக்கையான கதை வேண்டுமென்றால் பா.ரா. பாகவத் எழுதிய ‘ஃபாஸ்டர் ஃபேணே’ வரிசை இருக்கிறது. புனேவுக்குப் பக்கத்துக் கிராமமான ஃபுர்சுங்கியிலிருந்து வந்த பையன் சைக்கிளில் பறந்து பறந்து துப்பறிகிறான்.

மராத்தியில் படித்தால் தமிழ் கெட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஒரு மொழியில் நாவல் படித்து ருசி கண்ட பிள்ளைக்கு இன்னொரு மொழியில் நாவல் படிக்கும் பொறுமை தானாக வருகிறது.

கொடுக்கும் விதம்

எந்தப் புத்தகம் என்பது பாதிதான். கொடுக்கும் விதம் மீதிப் பாதி. அனுபவப்பட்ட ஆசிரியர்கள் கடைப்பிடிக்கும் சில முறைகள்:

வாங்குவதற்கு முன் புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். புரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால், அந்தப் புத்தகத்துக்கு இன்னும் ஒரு வருடம் காத்திருக்கலாம்.

இருபது பக்கம் படித்தும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட அனுமதி கொடுங்கள். “காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன், முடித்தே ஆக வேண்டும்” என்றால் அந்த ஒரு புத்தகம் முடியும். அதோடு வாசிப்பும் முடியும்.

முடித்த பிள்ளையிடம் “கதையின் நீதி என்ன?” என்று கேட்காதீர்கள். அது பரீட்சை. “உனக்கு யாரைப் பிடித்தது?” என்று கேளுங்கள். பிள்ளை அரை மணி நேரம் பேசும்.

பையனுக்குப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, பெண்ணைப் பாத்திரம் கழுவக் கூப்பிடாதீர்கள். இருவருக்கும் ஒரே புத்தகம், ஒரே நேரம்.

பாடப் புத்தகம் முடிந்த பிறகுதான் கதைப் புத்தகம் என்று சட்டம் வைத்தால், பாடம் என்றைக்கும் முடியாது. தினமும் படுக்கும் முன் கால் மணி நேரத்தை ஒதுக்கிவிடுங்கள். அந்தக் கால் மணி நேரம் பெரியவர்களின் செல்போனும் தள்ளி இருக்கட்டும்.

ஊருக்குப் போகும் ரயிலை மறந்துவிட வேண்டாம். மும்பையிலிருந்து நாகர்கோவிலுக்கு முப்பது மணி நேரத்துக்கு மேல் பயணம். மணிக்கு பதினைந்து பக்கம் படிக்கும் பிள்ளைகூட 120 பக்க நாவலை எட்டு மணி நேரத்தில் முடித்துவிடும். செல்போனில் சிக்னல் போய்ப் போய் வரும் அந்தப் பயணத்தைவிட நல்ல வாசக சாலை கிடைக்காது. முறுக்கு டப்பாவோடு ஒரு நாவலையும் பையில் வையுங்கள்.

எங்கே கிடைக்கும்?

ஊருக்குப் போகும்போது வாங்கி வருவது ஒரு வழி. 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வரும். மாவட்டத் தலைநகரங்களிலும் இப்போது புத்தகத் திருவிழாக்கள் நடக்கின்றன. பதிப்பகங்கள் தபாலிலும் அனுப்புகின்றன. பழைய நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் காசில்லாமல் பார்க்கலாம். இந்த நகரத்துத் தமிழ்ச் சங்கங்களின் நூலகங்களில் சிறுவர் புத்தகம் இல்லாவிட்டால், நாலு பெற்றோர்கள் சேர்ந்து கேட்டால் வாங்கி வைக்காமலா போவார்கள்?

விலைக்குப் பயந்தால் அதற்கும் வழி உண்டு. ஒரு குடும்பம் மால் தியேட்டரில் ஒரு படம் பார்க்கும் செலவில் சிறுவர் நாவல்கள் நாலைந்து வாங்கிவிடலாம். ஒரே சாலில், ஒரே கட்டடத்தில் இருக்கும் ஐந்து குடும்பங்கள் ஆளுக்கு ஒரு நாவல் வாங்கினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து நாவல். மாதம் ஒரு முறை மாற்றிக்கொண்டால் ஐந்து மாதத்துக்குப் போதும். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. ஒரே கதையைப் படித்த ஐந்து பிள்ளைகள் மாடிப்படியில் உட்கார்ந்து அதைப் பற்றித் தமிழில் பேசுவார்கள். ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை செய்யும் சிபாரிசுக்கு ஈடாக எந்தப் பெரியவர் சிபாரிசும் நிற்காது.

எட்டாவது படித்தவர் போதுமா?

“நாங்களே எட்டாவது வரைதான். பிள்ளைக்குப் புத்தகம் சொல்ல எங்களுக்கு என்ன தெரியும்?” என்று தயங்கும் பெற்றோர்கள் நிறையப் பேர்.

அவர்கள் தங்களுக்கென்று ஒரு நாவலைத் தேடிப் படிக்கலாம். கிர்கீசிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’. 1920-களில் மலையடிவாரக் கிராமம் ஒன்றுக்கு தூய்ஷேன் என்ற இளைஞன் வருகிறான். அவனுக்கே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் பாழடைந்த குதிரை லாயத்தைத் துப்புரவு செய்து பள்ளிக்கூடம் நடத்துகிறான். குளிர்ந்த ஓடையில் பிள்ளைகளை முதுகில் சுமந்து அக்கரை சேர்க்கிறான். அவனிடம் படித்த அநாதைச் சிறுமி அல்தினாய் பிற்காலத்தில் பெரிய கல்விமான் ஆகிறாள். சிறுமியை உறவினர்களே விற்றுவிடும் கொடுமையான பகுதி இருப்பதால், இதைப் பதினாலு வயதுக்குக் கீழ் கொடுக்க வேண்டாம். பெற்றோர் முதலில் படிக்கட்டும்.

தூய்ஷேனுக்குத் தெரிந்தது கொஞ்சம். தெரிந்ததைக் கொடுத்தான். மும்பையில் மூட்டை தூக்கியும், ஃபைல் புரட்டியும், இட்லி விற்றும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய் தகப்பன்மார்களுக்குத் தமிழ் எழுத்து தெரியும். ஒரு நாவலை வாங்கி, முதல் அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்துக் காட்ட அது தாராளமாகப் போதும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் டி.வி.யை நிறுத்திவிட்டு ஆரம்பிக்கலாம். இரண்டாவது அத்தியாயத்தில், நல்ல கட்டத்தில், “மீதியை நாளைக்குப் பார்க்கலாம்” என்று புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். மறுநாள் வரை பிள்ளை காத்திருக்கிறதா என்று பாருங்கள்!